யாழ்ப்பாணத்துக் கதியால் வேலி

வரலாறு என்றதும் அரசரின் முடியும் படைகளின் அணிவகுப்புமே நம் மாணவரின் நினைவுக்கு வருகின்றன. கோட்டையையும் மதிலையும் அகழியையும் பற்றி ஏடுகள் விரிவாகப் பேசுகின்றன. ஆயின், ஒரு குடியானவன் தன் காணியைச் சுற்றி அடைத்த வேலியைப் பற்றி வரலாற்றாசிரியர் அதிகம் பேசுவதில்லை. கோட்டையைக் கட்டியவர் சிலர். வேலியை அடைத்தவரோ ஊரவர் அனைவரும். அக்கோட்டைகள் பல இடிந்தொழிந்த பின்பும் வேலி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டே வந்துள்ளது. ஆதலின், வெட்டிய கிளைகளையும் தடிகளையும் கொண்டு நம் முன்னோர் அமைத்த எல்லைகளின் வரலாற்றை ஆராய்வது வீண் முயற்சியாகாது எனத் துணிந்து இக்கட்டுரையை எழுதலாயினேன்.

வேலி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. காவல், எல்லை, அடைப்பு என்னும் பொருள்களோடு, சோழநாட்டில் நில அளவுப் பெயராகவும் அது வழங்கிற்று. இருபது மா கொண்டது ஒரு வேலி என்பது தஞ்சைப் பகுதியின் கணக்கு. எல்லையைக் குறித்த சொல்லே அவ்வெல்லைக்குட்பட்ட நிலத்தையும் குறிக்கலாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். முட்செடிகளை வெட்டிக் குவித்து அமைக்கும் அடைப்பைப் பழந்தமிழர் இடுமுள் என்றனர். 1889இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, காட்டிடையே அமைந்த பாசறைக்கு வெட்டிய முள்ளாலான மதில் வளைக்கப்பட்டதைக் கூறுகின்றது. அரண்களைச் சூழ வளர்த்த காவற்காட்டுக்கு மிளை என்று பெயர். முன்னது வெட்டிய கிளையாலான வேலி. பின்னது உயிருள்ள மரங்களாலான வேலி. வேலியின் இவ்விரு வகையையும் தமிழர் பண்டே அறிந்திருந்தனர் என்பது இவற்றால் விளங்கும்.

பிற நாட்டாரும் இவ்விரு வகையையும் கையாண்டனர். கி. மு. 57இல் கோலியா நாட்டின் வடபகுதியில் நேர்வியர் என்னும் குடியினரோடு பொருத யூலியஸ் சீசர், அவர்தம் வேலிகளைக் கண்டு வியந்து தம் நூலிற் குறித்துள்ளார். இளமரங்களை அரைகுறையாக வெட்டி வளைத்து, பக்கங்களிற் கிளைத்தவற்றுக்கிடையே முட்செடிகளைச் செறித்து அவர்கள் அமைத்த வேலி மதிலைப் போன்றிருந்ததாம். உள்ளே புகுதல் மட்டுமன்றி ஊடாக நோக்குதலும் அரிதாயிற்றாம்.

இந்தியாவிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியாளர் உப்பு வரியைக் காப்பதற்கென ஒரு பெருவேலியை வளர்த்தனர். 1869 அளவில் அவர்களது உள்நாட்டுச் சுங்க எல்லை சிந்துநதிப் பகுதி முதல் மகாநதிப் பகுதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீண்டிருந்தது. அதனைக் காத்து நின்றோர் ஏறத்தாழ 12,000 பேர். முதலில் உலர்ந்த முட்கிளைகளைக் குவித்தே பல பகுதிகளில் வேலியிட்டனர். கறையானும் தீயும் பெருங்காற்றும் அதனை அழித்தன. 1867இற் சுங்க ஆணையாளராகிய அலன் ஒக்டேவியன் ஹியூம், உலர்வேலிக்குப் பதிலாக உயிர்வேலியை வளர்ப்பதிற் பெரிதும் முயன்றார். இந்திய தேசிய காங்கிரஸ் 1885இல் தோன்றுவதற்குக் காரணராயிருந்தவரும், இந்தியப் பறவைகளைப் பற்றிப் பேராராய்ச்சி நிகழ்த்தியவரும் இவரே. ஏழையின் உப்புக்கு வரி பெறும்பொருட்டு எழுந்த அவ்வேலி 1879இற் கைவிடப்பட்டது. இன்று அதன் சுவடு காண்பதும் அரிது. வேலி என்பது தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அது யாருடைய நலனைக் காக்கின்றதோ அதனைப் பொறுத்தே அதன் பெருமையும் சிறுமையும் அமையும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனி, யாழ்ப்பாணத்து வேலிக்கு வருவோம். கல்லும் சுண்ணாம்பும் மிக்க இக்குடாநாட்டிலே மதில் கட்டுதற்குப் பொருள் இல்லாமலில்லை. கோயில்களும் செல்வர் மனைகளும் மதில் பெற்றே இருந்தன. எனினும் பெரும்பாலான வளவுகளைச் சூழ்ந்து நின்றது கதியால் வேலியே. கதியால் என்பது மரத்திலிருந்து வெட்டி நட்டால் வேர்விட்டுத் தழைக்கும் தடி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, முருங்கை ஆகியன இதற்கு உகந்தவை. மத்திய அமெரிக்காவிலிருந்து வெப்பநாடுகளெங்கும் பரவிய சீமைக்கிளுவை, கிளிசரியா என்னும் பெயரோடு பிற்காலத்தில் இவ்வரிசையிற் சேர்ந்தது. மாரிமழைக்கு முன் அலவாங்கினாற் குழியிட்டுத் தடிகளை வரிசையாக நடுவர். அவற்றுக்குக் குறுக்கே வரிச்சுப் பிடித்து, பனையோலையையோ கிடுகையோ சார்த்திக் கட்டுவர். வேலியின் இருபுறத்தும் இருவர் நின்று, குத்தூசியை ஒருவர் செலுத்த மற்றவர் கயிற்றைக் கோத்து அனுப்புவது வழக்கம். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் உள்ள ஆண்டிலும், வேலியடைப்பு நாளில் இருபுறத்தும் ஆள் வேண்டியிருந்தமையால் இரு வீட்டாரும் பேசியே ஆகவேண்டியிருந்தது!

ஓலை வாங்க இயலாதார் அலம்பல் வேலி அடைத்தனர். வெட்டிய சிறுகிளைகளையும் முள்ளையும் கதியால்களுக்கிடையே நெருக்கிச் செறிப்பதே அது. தோட்டங்களுக்கும் ஆட்டுப்பட்டிகளுக்கும் அதுவே பெருவழக்கு. பனங்கருக்கு மட்டைகளை நெருங்க நட்டு அமைப்பது மட்டை வேலி. வேலிக்கு வாயில் படலை. கூரை வேய்ந்த வாயில் சங்கப்படலை. கால்நடை புகாது மனிதர் மட்டும் கடக்க அமைத்த வழி கடவை. அயல்வீட்டுப் பெண்கள் நெருப்பெடுக்கவும் கறி கொடுக்கவும் நுழைந்து செல்லும் சிறு திறப்பு பொட்டு. ஒரு பொருளின் உறுப்புகளுக்கு இத்தனை பெயர் வழங்குமாயின், அப்பொருள் மக்கள் வாழ்விற் பெற்றிருந்த இடம் பெரிது என்பதில் ஐயமில்லை.

யாழ்ப்பாணத்தில் இத்துணை வேலிகள் மல்கியமைக்குக் காரணம் என்னை? நம் சொத்துரிமை வழக்கமே முதற்காரணம் எனலாம். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, பிரித்தானியர் காலத்தில் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் உறுதி செய்யப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பிரிவுகளை அதிற் காணலாம். பெண்மக்களுக்குக் காணியைச் சீதனமாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால், ஒரு தலைமுறையின் பெருவளவு அடுத்த தலைமுறையிற் சிறு துண்டங்களாயிற்று. துண்டம் பெருகப் பெருக வேலி நீண்டது.

இதனைக் கணக்கிட்டுக் காட்டுவது மாணவருக்குப் பயன் தரும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். சதுரமாயமைந்த ஓர் ஏக்கரைச் சுற்றி அடைக்க ஏறத்தாழ 835 அடி வேலி போதும். அதனையே பதினாறு சம சதுரங்களாக, அஃதாவது பரப்புக்கொன்றாகப் பிரித்து அடைத்தால் வெளிவேலியும் உள்வேலியுமாக ஏறத்தாழ 2,087 அடி வேண்டும். முழத்துக்கொரு கதியால் நடின் அஃது ஏறத்தாழ 1,390 கதியால். ஒரேயொரு ஏக்கரில் 1,390 உயிர்மரங்கள்! எல்லாக் காணியும் இவ்வாறு நறுக்கப்பட்டதில்லை; எல்லாத் துண்டங்களும் சதுரமுமல்ல. எனினும், காட்டு மரம் குறைந்த இக்குடாநாட்டில் இத்தனை பசுமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு இக்கணக்கு ஒருவாறு விடை பகரும்.

இவ்வேலியாற் பெற்ற பயன் பலவகைப்பட்டது. கிளையைக் கழித்தபோது கிடைத்த குழை ஆட்டுக்கு உணவு. கொக்கத்தடியோடு காலையில் வேலியோரம் செல்லும் தாய்மாரை நம் தலைமுறையினரும் கண்டிருக்கிறோம். பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் தோட்டமண்ணுக்குப் பசளையாயின. திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலையின் பின்னே, பட்டி அடைத்த ஆடுமாடுகளின் எருவும் வேலிக்குழையும் இருந்தன. பழைய ஓலையும் வீணாகவில்லை. வேலி புதுக்கும்போது உக்கிய ஓலையைக் கொத்தித் தோட்டத்திற் புதைத்தனர். காய்ந்த தடி அடுப்புக்கு விறகு. சோளகக்காற்று வீசுங் காலத்தில் இளம்பயிரைப் புழுதியினின்றும் காத்ததும் வேலியே. கழித்தது எதுவும் குப்பையெனப்படவில்லை. அது வேலியிலோ ஆட்டின் வாயிலோ மண்ணிலோ அடுப்பிலோ தனக்குரிய இடத்தை அடைந்தது.

மனிதர் தமக்கென அமைத்த வேலியிற் பிறவுயிர்களும் குடிபுகுந்தன. புலுனிக் கூட்டம் காலையில் அலம்பலின் அடியிற் சருகைக் கிளறும். செண்பகம் செறிந்த கிளைகளுக்கிடையே நத்தையையும் பூச்சியையும் தேடித் திரியும். தையற்சிட்டு அகன்ற இலையின் இருவிளிம்பையும் தைத்துக் கூடமைக்கும். முள்முருக்குப் பூக்குங் காலத்தில் மைனாவும் தேன்சிட்டும் கூடும். காய்ந்த தடியைத் துளைத்துக் கருவண்டு குடியிருக்கும். ஓணானும் அரணையும் தேரையும் ஓலையின் அடியில் ஒதுங்கும். எலியைத் தேடிச் சாரையும், சாரையைத் தேடிக் கீரியும் வரும். மயிர்க்கொட்டியும் வரும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதனைத் தின்னும் பறவையும் அங்கேயே உண்டு. மதிலைக் கடக்க அறியாத சிற்றுயிர்கள் வேலியின் அடியால் ஒரு வளவிலிருந்து மறுவளவுக்கும், அங்கிருந்து தோட்டவெளிக்கும் சென்றன. ஒவ்வொரு வேலியும் மற்றொரு வேலியோடு இணைந்திருந்தமையால், ஊர் முழுவதும் ஒரு நீண்ட குறுங்காடாயிருந்தது எனலாம்.

வேலியைப் புகழ்ந்து மட்டும் எழுதின் அது வரலாறாகாது. வேலிச் சண்டை நம் ஊர்களின் பழம்பிணி. வேலியைப் புதுக்குந்தோறும் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவோர் இருந்தனர். நீண்டகால ஆட்சியால் உரித்து எய்துவது பற்றிய 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, பிறர் காணியைத் தடையின்றிப் பத்தாண்டு எதிராட்சி செய்தவர் அதற்கு உரிமை கோரலாம். ஆகவே ஒரு சாண் என்பது சிறிய செய்தியன்று. அண்ணன் தம்பியர் முகம் பாராதொழிந்ததும், விளைச்சற் பணம் நீதிமன்றப் படிகளிற் கரைந்ததும் இதனால் நிகழ்ந்தன. இன்னும் ஒரு கொடுமை உண்டு. சாதியின் பெயரால் ஒருசாராரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகமும் இவ்வேலிக்குள்ளேதான் வாழ்ந்தது. ஓணானுக்கும் கீரிக்கும் வழிவிட்ட வேலி மனிதனுக்கு வழிவிடவில்லை! இதனை ஒப்புக்கொள்ளாது பழமையைப் போற்றுவது நேர்மையன்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி இவ்வேலியின் வரலாற்றிற் பெருமாற்றம் விளைத்த காலம். போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வெட்டுண்டன. பனை குறைந்ததும் வேலிக்கு ஓலை அருகிற்று. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது மண்ணெண்ணெயும் சீமெந்தும் கிடைத்தற்கரியவாயின. அக்காலத்து அடுப்பெரித்ததும் வளவைக் காத்ததும் வேலித்தடியே. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். அவருள் யானும் ஒரு சிறுவன். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் வீட்டிற் கதவும் நிலையும் இல்லை. வேலியோலை உக்கி மண்ணாகியிருந்தது. படலை போன இடம் தெரியவில்லை. வளவோ பற்றைக்காடு. எல்லை எது என்று திகைத்து நின்ற வேளையில், என் பாட்டனார் வடபுறத்துக் கிளுவைகளைச் சுட்டிக் காட்டினார். கழிப்பாரின்றி அவை ஓங்கி வளர்ந்து, ஒரே கோட்டில் நின்றன. உறுதிப் பத்திரம் எங்கள் பொதியோடு எங்கோ தொலைந்திருந்தது, கதியால்கள் தொலையவில்லை. அயல்வீட்டு முதியவர் வந்து அவற்றை எண்ணிப் பார்த்து, “இதுதான் தம்பி, உங்கடை எல்லை” என்றார். பல்லாண்டுகளாக அவ்வேலியின்பொருட்டு என் பாட்டனாரோடு வழக்காடியவர் அவரே.

போரினால் இடம்பெயர்ந்து காணியைப் பார்க்க இயலாதிருந்தோர், பிறரது நீண்டகால ஆட்சியால் உரிமை இழவாதவாறு 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வருவதற்கு இருபதாண்டு முன்பே எங்கள் வளவுக்குச் சாட்சி சொன்னவை அக்கிளுவைகள்.

2009இற் போர் முடிந்து நெடுஞ்சாலை திறந்தபின் சீமெந்து தடையின்றி வந்தது. புலம்பெயர்ந்த உறவினரின் பணமும் வந்தது. வேலியடைக்க அறிந்த தொழிலாளர் அருகினர். ஓலையின் விலை ஏறிற்று. இரண்டாண்டுக்கொரு முறை வேலிக்குச் செலவிடுவதினும் ஒரேமுறை மதில் கட்டுவது இலாபம் என்று மக்கள் கருதியது இயல்பே. மதில் கள்வருக்கு அச்சம், வழக்குக்கும் முற்றுப்புள்ளி. தனித்து வாழும் முதியோர் மதிலை விரும்புவதை யாரும் குறைகூற இயலாது. ஆயின் ஒழுங்கையின் இருமருங்கும் மதில் எழுந்தபின், குழைக்கு ஆடு வளர்ப்போர் திண்டாடுகின்றனர். வளவில் நிற்கும் மாவிலும் வேம்பிலும் கழித்த கிளைகள் செல்லுமிடமின்றி மூலையிற் குவிந்து தீயிடப்படுகின்றன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது, குழைக்கு எங்கே போவதென்று தோட்டக்காரர் தேடினர். தேடிய வேலி அங்கே இல்லை. புலுனியின் குரலும் சில ஒழுங்கைகளில் இன்று கேட்பதில்லை.

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போரின் பின் இயந்திர வேளாண்மைக்காகப் பல்லாயிரம் மைல் உயிர்வேலிகள் அகழப்பட்டன. அதன் தீங்கை உணர்ந்து, முக்கியமான பழவேலிகளைக் காக்க 1997இல் விதிகள் வகுக்கப்பட்டன. யேர்மனியில் 1980களில் ஹெர்மான் பென்யெஸ் என்பார், கழித்த கிளைகளை நீளமாகக் குவித்து விட்டால் அதுவே காலப்போக்கில் உயிர்வேலியாகும் என்னும் முறையைப் பரப்பினார். குவியலில் வந்து தங்கும் பறவைகள் எச்சத்தோடு விதைகளை இடும். உக்கும் கிளை பசளையாகும். முளைத்த கன்றைக் குவியலே விலங்கினின்றும் காக்கும். அங்குப் புதுமையென வரவேற்கப்பட்ட அம்முறைக்கும் நம் அலம்பல் வேலிக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. நம் வேலியின் அடியில் எவரும் விதையாத வேம்பும் நாவலும் முளைத்து நின்றதன் காரணமும் அதுவேயன்றோ!

பழைய வேலியை அவ்வாறே மீட்கவேண்டும் என்பது என் கருத்தன்று. அது நடவாது. எனினும் வீதிப்புறத்தில் மதிலை வைத்துக்கொண்டே, உள்ளெல்லைகளையாவது கதியாலுக்கு விடலாம். மதில் கட்டியோரும் அதன் அடியில் ஆங்காங்கே சிறு துளை விட்டால் தேரையும் அரணையும் கடந்து செல்லும். வளவின் ஒரு கோடியில் இருவரிசைத் தடிகளை முழ இடைவெளியில் நட்டு, கழித்த கிளைகளை இடையிலே நெடுக்காக அடுக்கலாம். தடிகள் கிளுவையாகவோ கிளிசரியாவாகவோ இருப்பின் வேர்விட்டுத் தழைக்கும். குவியல் தாழ்ந்தபோது மேலும் கிளைகளை இட்டால் போதும். வீட்டுச் சுவரினின்றும் கிணற்றினின்றும் சற்றுத் தள்ளி அமைப்பது நன்று. பாம்பு தங்கக்கூடுமாதலாற் சிறுவர் கைவிட்டு விளையாடாதவாறு கவனித்தலும் வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் வளவின் மேற்குக்கோடியில் இவ்வாறு இருபதடி நீளத்துக்கு அமைத்தேன். மாரி கழிந்ததும் தடிகளிற் பாதி தளிர்த்தன. பங்குனியில் ஒரு சோடிக் கொண்டைக்குருவி அதில் வந்து கூடமைத்தது.

எங்கள் வடவேலியின் செய்தி ஒன்றைக் கூறி முடிக்கலாம். அயல்வீட்டு முதியவர் காலமானபின், வெளிநாட்டில் வாழும் அவர் மகன் ஊருக்கு வந்து, இருவீட்டாரும் பாதிப்பாதிச் செலவேற்று மதில் கட்டுவோம் என்றார். அவர் கூறியது நியாயமே. வழக்கு இனி எழாது. மறுப்பதற்கு எனக்குச் சட்டமும் இல்லை, வலுவான காரணமும் இல்லை. 1996இல் அவர் தந்தையார் எண்ணிக் காட்டிய கிளுவைகளை மட்டும் அவருக்குக் காட்டினேன். எல்லாம் இன்றும் நிற்கின்றன என்றேன். அவர் சிறிது நேரம் பார்த்து நின்றார். பின்னர், ஒழுங்கைப் பக்கத்தை மட்டும் மதிலாக்குவோம், இது இப்படியே இருக்கட்டும் என்றார். இவ்வாண்டு வேலியடைப்பின்போது அவர் இல்லை. அவர் அனுப்பிய கூலியாள் அப்புறம் நின்று குத்தூசியை வாங்கினான்.

மாணவர்களே, உங்கள் ஊரில் எஞ்சியுள்ள வேலி ஒன்றின் அருகே ஒருநாட் காலை நின்று பாருங்கள். அதில் நிற்கும் மரம் எவை, அதில் வாழும் உயிர் எவை, அதனை முதலில் நட்டவர் யார் என்று வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டைப் படியெடுப்பது போன்றதே அதுவும். கல்வெட்டு இன்னும் ஆயிரமாண்டு நிற்கலாம். அவ்வேலி நீங்கள் பட்டம் பெற்று வரும்வரை நிற்குமா என்பது ஐயமே.